சனிக்கிழமை மூணு மணிக்குப் பிள்ளையை யார் பார்த்துக்குவாங்க? படிக்க வரும் அம்மாக்கள் கேட்கும் கேள்விகள்

புதுக்கோட்டையில் ஒரு வீட்டு மாடியில் சனிக்கிழமைதோறும் மதியம் 3 மணி முதல் 6 மணி வரை ஏழு பேர் உட்கார்ந்து படிக்கிறோம். நாலு பேர் அரசு வேலைக்கான டி.என்.பி.எஸ்.சி. குரூப் 4 தேர்வுக்கு. ஒருவர், கல்யாணத்தோடு விட்டுப்போன பி.காம். தாள்களை எழுத. ஒருவர் எதற்கு வருகிறார் என்று இன்னும் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை. ஏழாவது ஆள் நான். குரூப் 4-ல் இரண்டு முறை தோற்று, மூன்றாவது முறை தேறி, இப்போது குரூப் 2-ஏ புத்தகங்களோடு மல்லுக்கட்டுகிறேன். ஏழு பேருக்கும் சேர்த்துப் பதினோரு பிள்ளைகள்.

புதிதாக வர நினைப்பவர்கள் போனில் கேட்பதெல்லாம் ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான். சொல்லிச் சொல்லி வாய் வலிப்பதால் எழுதி வைக்கிறேன். நான் டாக்டர் இல்லை, கோச்சிங் சென்டரும் நடத்தவில்லை.

அக்கா, எனக்கு நேரமே இல்லை. நீங்கல்லாம் எப்படி நேரம் ஒதுக்குறீங்க?

ஒதுக்கவில்லை. ஒதுக்குவதற்கு மிச்சம் இருந்தால்தானே?

மத்திய அரசு 2024-ல் எடுத்த நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், சம்பளமில்லாத வீட்டு வேலைக்குப் பெண்கள் நாளொன்றுக்குச் செலவிடுவது 289 நிமிடம், ஆண்கள் 88 நிமிடம். பிள்ளைகளையும் பெரியவர்களையும் பார்த்துக்கொள்வது தனிக் கணக்கு: பெண்களுக்கு 137 நிமிடம், ஆண்களுக்கு 75. அந்த 88 நிமிடத்தைப் பார்த்து ‘பரவாயில்லையே’ என்று நினைத்துவிடாதீர்கள். வீட்டு வேலையில் கை வைத்த ஆண்களை மட்டும் எண்ணிப் போட்ட சராசரி அது. கையே வைக்காதவர்கள் அந்தக் கணக்கிலேயே வரவில்லை.

அதனால் புதிதாக யார் வந்தாலும் ‘நேரம் இருக்கா’ என்று நான் கேட்பதில்லை. சனிக்கிழமை மூணு மணிக்கு உங்கள் பிள்ளை யாரிடம் இருக்கும் என்றுதான் கேட்பேன். ஒரு பேர் சொன்னால் நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம். ‘பார்த்துக்கலாம்க்கா’ என்றால் அடுத்த வாரமே வராமல் நின்றுவிடுவார்கள். நாலு வருஷமாகப் பார்க்கிறேன், இது மட்டும் தப்பியதே இல்லை.

பேர் சொல்ல ஆளே இல்லாதவர்களுக்காகத்தான் எங்களுக்குள் முறை வைத்திருக்கிறோம். வாரம் ஒருவர் படிக்கமாட்டார். கீழே கூடத்தில் எல்லாப் பிள்ளைகளையும் மேய்ப்பார். ஏழு வாரத்துக்கு ஒருமுறை இந்தத் தண்டனை வரும். மற்ற ஆறு வாரமும் கீழே என்ன சத்தம் கேட்டாலும் மாடியிலிருந்து யாரும் இறங்கக் கூடாது. ரத்தம் வந்தால் மட்டும் கூப்பிடலாம் என்று விதி. இதுவரை இரண்டு முறை கூப்பிட்டிருக்கிறார்கள், அதில் ஒன்று தக்காளி சாஸ்.

காலையில நாலு மணிக்கு எழுந்து படிக்கலாமா?

ராத்திரி ஒன்பதரைக்குப் படுத்தால் தாராளமாக. பதினொன்றரைக்குப் பாத்திரம் கழுவிவிட்டுப் படுத்து நாலு மணிக்கு எழுந்தால், படிப்பது மதியத்துக்குள் மறந்துபோகும். பெரியவர்களுக்கு ஏழு மணி நேரமாவது தூக்கம் வேண்டும். அம்மாவானால் அது குறைந்துவிடாது.

நானும் முதல் தடவை இப்படித்தான் ஐந்து மாதம் ஓட்டினேன். ஒரு நாள் விடிகாலையில் ‘காலமும் வேலையும்’ கணக்கு. A ஒரு வேலையை 12 நாளில் முடிப்பார், B 18 நாளில் முடிப்பார், இருவரும் சேர்ந்து செய்தால் எத்தனை நாள்? அதே வரியை நாலு முறை படித்திருக்கிறேன். ஐந்தாவது முறை ‘இந்த B என்ன பண்ணிக்கிட்டு இருக்கான்’ என்று கோபம் வந்தது. புத்தகத்தை மூடிவிட்டுப் போய்ப் படுத்துவிட்டேன். (விடை 7.2 நாள். தூங்கி எழுந்து போட்டேன், ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.)

அரசுத் தொடக்கப் பள்ளியில் பிள்ளை படிக்கிறதா? 2023 ஆகஸ்டில் காலை உணவுத் திட்டம் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்த பிறகு, எங்களில் மூன்று பேருக்குக் காலையில் அரைமணி நேரம் கையில் நின்றது. அந்த அரைமணியைப் பிடித்துக்கொள்ளுங்கள். அதில் மாவு அரைக்கப் போகாதீர்கள்.

வீட்டுக்காரர்கிட்ட எப்படிக் கேட்கிறது? ‘நான் என்ன வேணாம்னா சொன்னேன்’னு சொல்லிடுறார்.

இந்த வாக்கியத்தை ஏழு வீட்டிலும் கேட்டிருக்கிறோம். வேண்டாம் என்று சொல்லாமல் இருப்பதையே பெரிய சம்மதமாக நினைக்கிறார்கள். சம்மதம் இருந்து என்ன பண்ணுவது, சாதம் வெந்தாகணுமே.

‘கொஞ்சம் ஹெல்ப் பண்ணுங்க’ என்று கேட்டால் வேலை நம்முடையதாகவே இருக்கும், அவர் வந்து போகிறவராக இருப்பார். கிழமை, மணி, வேலை மூன்றையும் சொல்லிக் கேளுங்கள்: “சனிக்கிழமை மூணுலேருந்து ஆறரை வரைக்கும் நான் வீட்டுல இல்லை. பெரியவனுக்கு நாலரைக்குப் பால். சின்னவ எந்திரிச்சா முகம் கழுவி விடணும். ராத்திரிக்குச் சாம்பார் நீங்க வைங்க.” இதைச் சனிக்கிழமை காலையில் சொல்லக் கூடாது. புதன்கிழமையே சொல்லிவிட வேண்டும்.

சொல்லிவிட்டால் மட்டும் போதாது. என் வீட்டில் முதல் வாரம் மூன்று மணி நேரத்தில் ஒன்பது போன். துவரம்பருப்பு எங்கே, புளி எவ்வளவு, குக்கருக்கு எத்தனை விசில், சின்னவள் நீலக் கவுன் கேட்கிறாள், அது எது. நானும் எடுத்து எடுத்துப் பதில் சொன்னேன். இரண்டாவது வாரம் ஆறு போன். மூன்றாவது வாரம் போனை கீழே பிள்ளை மேய்ப்பவரிடம் கொடுத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் கடலைப்பருப்பில் சாம்பார் வைத்திருந்தார். சாப்பிட முடிந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை. அப்படிச் சொல்லாமல் இருந்ததுதான் அந்த வருஷம் நான் பட்ட கஷ்டங்களிலேயே பெரியது. நாலாவது வாரம் துவரம்பருப்பு டப்பா அவருக்கே தெரிந்துவிட்டது.

மேலே ஏறி நின்று திருத்தாதீர்கள். ‘தள்ளுங்க, நானே பண்ணிக்கிறேன்’ என்று ஒருமுறை சொல்லிவிட்டால் அடுத்த பத்து வருஷத்துக்கு நீங்கள்தான் பண்ணிக்கொள்ள வேண்டும்.

மாமியார் முகத்தைத் தூக்கி வச்சிக்கிறாங்க.

தூக்கட்டும். முகத்தை மூன்று மணி நேரத்துக்கு மேல் யாராலும் தூக்கி வைத்திருக்க முடியாது, நீங்கள் திரும்பி வருவதற்குள் இறங்கிவிடும்.

ஆனால் ஒன்று. அறுபத்தைந்து வயதில் அவர்களுக்கும் முட்டி வலி இருக்கிறது. தன் பிள்ளைகளை வளர்த்து முடித்தவரிடம் அடுத்த தலைமுறையையும் கேட்காமலே இறக்கி வைப்பது நியாயமில்லை. எங்கள் குழுவில் ஒருவர் தன் மாமியாரிடம் சனிக்கிழமை கேட்டு வாங்கினார். அதற்குப் பதிலாகச் செவ்வாய்க்கிழமை சாயங்காலம் மாமியாருக்கு. அன்றைக்குப் பேரப்பிள்ளை, அடுப்பு எதுவும் அவர் பொறுப்பில்லை, கோவிலுக்குப் போகலாம், டிவி பார்க்கலாம். ‘எனக்கும் ஒரு கிழமையா?’ என்று அந்த அம்மா இரண்டு தடவை கேட்டாராம்.

குழந்தை அழுதுக்கிட்டே நிக்கும்போது விட்டுட்டு வர மனசு வரலை. அதுக்கே குற்ற உணர்ச்சியா இருக்கு. ஆனா குழந்தை பிறந்து ரெண்டே நாள்ல பரீட்சை எழுதின பொண்ணும் இருக்காங்களே?

ஸ்ரீபதியைச் சொல்கிறீர்கள். ஜவ்வாது மலைப் புலியூரைச் சேர்ந்தவர், மலையாளிப் பழங்குடிப் பெண். 2023-ல் பிரசவமான இரண்டாம் நாள் கைக்குழந்தையோடு சென்னைக்குப் போய் உரிமையியல் நீதிபதி தேர்வை எழுதினார். 2024-ல் முடிவு வந்தபோது அவருக்கு 23 வயது. எனக்கு மட்டும் பதினான்கு பேர் அந்தச் செய்தியை வாட்ஸ்அப்பில் அனுப்பினார்கள். அனுப்பியவர்களில் ஒருவர்கூட ‘சனிக்கிழமை உன் பிள்ளையை நான் பார்த்துக்கிறேன்’ என்று சொன்னதில்லை.

அந்தப் பெண்ணின் உறுதியை நினைத்தால் எனக்கு இப்போதும் மயிர்க்கூச்செரியும். ஆனால் அதை அளவுகோலாக வைத்து நம்மை அளக்க வேண்டாம். இரண்டு நாள் முன்பு பிரசவமானவர் பரீட்சை ஹாலில் உட்கார்ந்திருக்கிறார் என்றால், கார் ஏற்பாடு செய்ய ஆள் இருந்தது, வெளியே குழந்தையை வைத்திருக்க ஒரு மடி இருந்தது. அந்தச் செய்தியை அடுத்த முறை யாராவது அனுப்பினால் அந்த மடியைப் பற்றிக் கேளுங்கள்.

அழுகிற குழந்தை விஷயம்: சொல்லாமல் பின்வாசல் வழியாக நழுவாதீர்கள். ‘அம்மா படிக்கப் போறேன், விளக்கு வைக்கிற நேரத்துக்கு வந்துடுவேன்’ என்று சொல்லிவிட்டுப் போங்கள், சொன்ன நேரத்துக்கு வந்துவிடுங்கள். ஒவ்வொரு வாரமும் சொன்னபடி திரும்பி வந்தால் பிள்ளைக்குப் பழகிவிடும். குற்ற உணர்ச்சி உடனே போகாது. எனக்கு இன்னும் இருக்கிறது, அதையும் மாடிக்குக் கூட்டிக்கொண்டுதான் போகிறேன்.

எனக்கு 36 வயசு, பத்தாவதுதான் படிச்சிருக்கேன். குரூப் 4 எழுத முடியுமா?

படிப்பு போதும், பத்தாம் வகுப்புதான் குறைந்தபட்சத் தகுதி. வயது வரம்பு சமூகப் பிரிவுக்கும் படிப்புக்கும் பதவிக்கும் தகுந்தபடி மாறும், ஆதரவற்ற விதவைகளுக்குத் தளர்வு உண்டு. பக்கத்து வீட்டில் சொன்னார்கள் என்று விட்டுவிடாமல், தேர்வாணைய அறிவிக்கையில் உங்கள் பிரிவுக்கு நேராக என்ன போட்டிருக்கிறது என்று நீங்களே பாருங்கள்.

200 கேள்வி, 300 மதிப்பெண், 3 மணி நேரம். முதல் 100 கேள்வி தமிழ். அதில் 150-க்கு 60 எடுக்காவிட்டால் மீதித் தாளைத் திருத்தவே மாட்டார்கள். அடுத்தது பொது அறிவு 75, திறனறிவு 25. பெண்களுக்கு 30 சதவீத இட ஒதுக்கீடு இருக்கிறது. படிக்க வேண்டியது முதலில் 6 முதல் 10 வரை பள்ளிப் புத்தகங்கள். இதில் அம்மாக்களுக்கு ஒரு லாபம். பெரிய பையன் ஏழாவது படித்தால் அவன் புத்தகமும் நம் புத்தகமும் ஒன்று. அவனுக்குக் கேள்வி கேட்டுக்கொண்டே நாமும் படித்துவிடலாம். என் மகன் என்னைக் கேள்வி கேட்பான், தப்பாகச் சொன்னால் அவன் முகத்தில் வருகிற சந்தோஷத்தைப் பார்க்க வேண்டுமே.

படிச்சது எதுவும் நிக்க மாட்டேங்குது. வயசாயிடுச்சா?

வயசைச் சொல்லும் முன் ரத்தத்தைப் பாருங்கள். 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அதாவது நம் மாடியில் ஏழு பேர் இருந்தால் மூன்று நாலு பேருக்கு இருக்கும். சோதித்துப் பார்த்தோம், நாலு பேருக்கு இருந்தது. கர்ப்பமாக இல்லாத பெண்ணுக்கு ஹீமோகுளோபின் 12 கிராமுக்குக் குறையக் கூடாது. எனக்கு 9.1. படி ஏறினால் மூச்சு வாங்கியது, படித்தது மறந்தது, எதற்கெடுத்தாலும் எரிச்சல். என் குணமே அப்படித்தான் என்று வீட்டில் எல்லோரும் முடிவு கட்டியிருந்தார்கள், நான் உட்பட.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் இந்தச் சோதனைக்குக் காசு கிடையாது. தைராய்டையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். மாத்திரை கொடுத்தால் ‘சூடு’ என்று பாதியில் நிறுத்தாதீர்கள், வயிற்றைப் பிடித்தால் டாக்டரிடம் சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள். மாதவிடாய் அதிகமாகப் போகிறது என்றால் அதையும் சொல்ல வேண்டும், காரணம் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். சாப்பாட்டோடு டீயும் காபியும் குடித்தால் இரும்புச்சத்து உடம்பில் சேர்வது குறையும், ஒரு மணி நேரம் தள்ளிக் குடிக்கலாம். முருங்கைக்கீரை, கேழ்வரகு, அசைவம் சாப்பிடுகிறவர்களுக்குச் சுவரொட்டி (ஆட்டு மண்ணீரல்). கூடவே எலுமிச்சையோ நெல்லிக்காயோ இருந்தால் இன்னும் நன்றாகச் சேரும்.

என்ன சாப்பிடுகிறோம் என்பதைவிட எப்போது, யாருடைய மிச்சத்தைச் சாப்பிடுகிறோம் என்பது எங்களுக்கு உறைத்தது. ஒரு வாரம் ஏழு பேரும் காலைச் சாப்பாட்டை எழுதி வைத்தோம். என் நோட்டில் திங்கள்கிழமைக்கு எதிரே இருந்தது: ‘சின்னவள் வைத்த தோசை ஓரம், ஒன்றரை. ஆறின டீ.’ செவ்வாய்க்கும் அதேதான், தோசைக்குப் பதில் இட்லி. இப்போது என் தட்டை முதலிலேயே எடுத்து வைத்துவிடுகிறேன். மிச்சம் விழுந்தால் தெருமுனையில் ஒரு நாய் இருக்கிறது, அதுவும் இளைத்துப் போயிருந்தது.

நாள் பூரா வீட்டு வேலை செய்றேனே, தனியா வாக்கிங் எதுக்கு?

வேலையும் அசைவுதான், இல்லை என்று சொல்லவில்லை. உலக சுகாதார நிறுவனம் சொல்வது வாரத்துக்கு 150 நிமிடமாவது மூச்சு லேசாக வாங்குகிற அளவுக்கு நடை, கூடவே இரண்டு நாள் தசைக்கு வலுக் கொடுக்கிற பயிற்சி. அடுப்பு முன்னால் நின்றுகொண்டே இருப்பது காலுக்கு வலி, இதயத்துக்குப் பயிற்சி ஆகாது. அதோடு, நடக்கும்போது ‘அம்மா’ என்று யாரும் கூப்பிடமாட்டார்கள். எனக்கு அதுதான் முதல் காரணம்.

எதுலயும் பிடிப்பில்லை. காரணமில்லாம அழுகை வருது. படிப்பெல்லாம் யோசிக்கவே முடியலை.

அப்படியானால் படிப்பைத் தள்ளி வையுங்கள், அது எங்கும் ஓடிப்போகாது. பிரசவத்துக்குப் பிறகு முதல் சில நாட்கள் அழுகையும் பதற்றமும் பலருக்கு வரும், இரண்டு வாரத்துக்குள் தணிந்துவிடும். இரண்டு வாரத்தைத் தாண்டியும் நீடித்தால், தூக்கம் வரவில்லை என்றால், குழந்தையிடம் ஒட்டவே இல்லை என்றால் அது நோய். சோம்பேறித்தனமும் இல்லை, கொழுப்பும் இல்லை. அரசு மருத்துவமனையில் மனநல மருத்துவரைப் பார்க்கலாம். 14416 என்ற டெலி-மானஸ் (அரசு மனநல உதவி) எண்ணுக்கு எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழில் பேசுவார்கள், கட்டணம் இல்லை. உயிரை விட்டுவிடலாம், குழந்தையை ஏதாவது செய்துவிடுவோமோ என்ற நினைப்பு ஒருமுறை வந்தாலும் காத்திருக்க வேண்டாம், அன்றைக்கே பக்கத்தில் இருப்பவரிடம் சொல்லி ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

எதற்கு வருகிறார் என்று சொல்லாதவர் ஒருவர் எங்களோடு இருக்கிறார் என்றேனே. அவர் வந்து உட்கார்ந்துவிட்டுப் போகட்டும்.

வருமானம் இல்லாம புத்தகம், அப்ளிகேஷன், பஸ் செலவுன்னு யார்கிட்ட கேட்கிறது?

பஸ் செலவு இல்லை. 2021 மே முதல் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இலவசம், எங்களில் மூன்று பேர் அதில்தான் வருகிறார்கள். பழைய பள்ளிப் புத்தகங்களைப் பரணில் தேடுங்கள். மீதிக்கு: 2023 செப்டம்பரில் தொடங்கிய மகளிர் உரிமைத் தொகை மாதம் 1000 ரூபாய் உங்கள் பேரில் வருகிறதா? வருகிறது என்றால் அந்தக் கணக்கின் ஏடிஎம் கார்டு யார் பர்ஸில் இருக்கிறது? மாடியில் இதைக் கேட்டபோது இரண்டு பேர் பேசாமல் தரையைப் பார்த்தார்கள். கார்டை முதலில் வாங்கிக்கொள்ளுங்கள்.

எனக்குப் பரீட்சையெல்லாம் வேணாம். ஸ்கூட்டி ஓட்டணும், அவ்ளோதான் ஆசை. இதெல்லாம் ஒரு லட்சியமா?

இந்த ஊரில் இருந்துகொண்டா இதைக் கேட்கிறீர்கள்!

1991-ல் புதுக்கோட்டை மாவட்டத்தில் பெரியவர்களுக்கு எழுதப் படிக்கச் சொல்லித் தந்த அறிவொளி இயக்கம் நடந்தபோது ஆட்சியராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். எழுத்துப் படிப்போடு சைக்கிள் ஓட்டவும் பெண்களுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டும் என்றார். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் கற்றுக்கொண்டார்கள். கல்குவாரியில் உடைத்தவர்கள், வயலில் நின்றவர்கள், அங்கன்வாடிக்காரர்கள், டீச்சர்கள்.

அதில் என் அம்மாவும் ஒருத்தி. எனக்கு அப்போது ஐந்து வயது. லேடீஸ் சைக்கிள் கிடைத்தாலும் வேண்டாம் என்று பலர் ஜென்ட்ஸ் சைக்கிளைத்தான் எடுத்தார்கள். முன்னால் குறுக்குக் கம்பி இருக்கும், பிள்ளையை உட்கார வைக்கலாம். அந்தக் கம்பியில் துண்டைச் சுற்றி என்னை உட்கார வைத்திருப்பார் அம்மா. ஆனால் பழகின அந்த முதல் பத்து நாள் நான் கம்பியில் இல்லை. சாயங்காலம் ஏழு மணிக்குப் பள்ளிக்கூடத் திடலில் எதிர்வீட்டு அத்தை இடுப்பில் இருந்தேன். எங்கள் சித்தி கேரியரைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடுவார், புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, ‘நேராப் பாரு, நேராப் பாரு’ என்று கத்திக்கொண்டே. அம்மா மூன்று முறை விழுந்தார். முழங்கையில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. அத்தை பழகின நாட்களில் அவர் மகனை அம்மா வைத்திருந்தார்.

அம்மா அதற்குப் பிறகு வேலைக்கெல்லாம் போகவில்லை. தண்ணீர்க் குடத்தை கேரியரில் கட்டிக்கொண்டு வந்தார், என்னைப் பள்ளியில் விட்டார், தன் அம்மா வீட்டுக்கு யாரையும் கேட்காமல் போய்வந்தார்.

ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு வாருங்கள். எங்கள் தெரு மதியத்தில் காலியாகத்தான் இருக்கும்.

மறுபடியும் தோத்துட்டா?

ஒரு வாரம் வராமல் இருக்கலாம். நான் இரண்டு வாரம் போகவில்லை. மூன்றாவது வாரம் பிள்ளை பார்க்கும் முறை என்னுடையது, வேறு வழியில்லாமல் போய்விட்டேன்.

முதல் நாள் வரும்போது என்ன கொண்டு வரணும்?

நோட்டு, பேனா, தண்ணீர் பாட்டில். பிள்ளைக்கு ஒரு மாற்று உடுப்பு, அவன் வீட்டில் அழாமல் விளையாடுகிற சாமான் ஒன்று. ஒவ்வாமை ஏதாவது இருந்தால் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கீழே இருப்பவரிடம் கொடுங்கள். முறுக்கு, அதிரசம் கொண்டு வந்தால் கூடத்திலேயே கொடுத்துவிடுங்கள். மாடிக்குக் கொண்டு வந்தால் அன்றைய படிப்பு அதோடு சரி.